சான்றிதழுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே

கோடிங் பயிற்சி முடிந்த வாரத்தில் பெரும்பாலோர் ரெஸ்யூமே எழுத உட்காருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்: இன்றிலிருந்து எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் ஓட்ட முடியும்? போலி அனுபவச் சான்றிதழ் வாங்குவது, வேலைக்காக யாருக்கோ பணம் கட்டுவது, படிக்காமல் பாண்டில் கையெழுத்துப் போடுவது எல்லாமே கைக்காசு தீர்ந்த பிறகு எடுக்கும் முடிவுகள். அறிவு குறைந்தவர்கள் இவற்றில் சிக்குவதில்லை, அவகாசம் தீர்ந்தவர்கள்தான் சிக்குகிறார்கள். அதனால் உங்களுக்கு அவகாசத்தைச் சேர்த்துத் தரும் வேலைகளை இந்த அத்தியாயம் முதலில் சொல்கிறது. நேர்காணல் அதற்குப் பிறகு வரும்.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் 3 முதல் 9 மாதப் பயிற்சி முடித்துவிட்டு முதல் சாஃப்ட்வேர் வேலை தேடுகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மெக்கானிக்கல், சிவில், பி.எஸ்சி., பி.காம். என எதைப் படித்துவிட்டு வந்திருந்தாலும் வரிசை ஒன்றுதான்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

உங்கள் பயிற்சி மையத்தின் சுவரில் இருக்கும் வெற்றிக் கதைகளில் பல 2021, 2022ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கும். கொரோனாவுக்குப் பின் நிறுவனங்கள் ஆட்களை அள்ளி எடுத்த காலம் அது. பிறகு நிலைமை மாறியது. 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்றில் மட்டும் ஊழியர் எண்ணிக்கை 60,000-க்கு மேல் குறைந்தது. ஃப்ரெஷர் எடுப்பது நின்றுவிடவில்லை, ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் வரிசை நீண்டுவிட்டது. ஆகவே உங்களுக்கு முந்தைய பேட்ச்சின் கதையை வைத்து உங்கள் நாட்காட்டியைத் தயாரிக்காதீர்கள்.

மனத்தில் இருத்த வேண்டியவை:

1. காலம். பயிற்சி முடிந்து முதல் ஆஃபர் வர 6 முதல் 9 மாதம் என்று திட்டமிடுங்கள். முன்னதாகக் கிடைத்தால் நல்லது.
2. சம்பளம். பெரிய சர்வீஸ் நிறுவனங்களில் சாதாரண ஃப்ரெஷர் பேக்கேஜ் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. சிறு நிறுவனங்களில் மாதம் 12,000 முதல் 20,000 வரைதான் தொடக்கம் என்பதும் வழக்கம். 8 லட்சம், 10 லட்சம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பயிற்சிக்கு வெளியே தனியாக ஓராண்டுக்கு மேல் பிராப்ளம் சால்விங் செய்தவர்கள்.
3. வேலையின் பெயர். 'ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்' என்றுதான் முதல் வேலை வரும் என்றில்லை. டெஸ்டிங், புரொடக்ஷன் சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் இன்ஜினியர் என்றும் வரும். கோடை வாசிக்கவும் திருத்தவும் இடம் தரும் வேலையா என்று மட்டும் பாருங்கள்.
4. ஆஃபர் லெட்டர் வந்தால் வேலை வந்தது என்று அர்த்தமில்லை. 2022இல் பெரிய நிறுவனங்களின் ஆஃபர் பெற்றவர்களில் சிலர் சேர்வதற்கே 2 ஆண்டு காத்திருந்தார்கள். ஜாயினிங் தேதி உறுதியாகும் வரை தேடலை நிறுத்தாதீர்கள்.

படி 1: மாதக் கணக்கு

ஒரு தாளில் கையிருப்பை எழுதுங்கள். கீழே மாதச் செலவு: பி.ஜி. வாடகை, சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ், பயிற்சிக் கட்டணத்தின் இ.எம்.ஐ. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் உங்கள் அவகாசம் எத்தனை மாதம் என்று வரும். அது 6-க்குக் கீழே இருந்தால் கீழ்க்கண்டவற்றை இந்த வாரமே செய்யுங்கள்.

1. சென்னையில் தங்கியே ஆக வேண்டுமா என்று பாருங்கள். முதல் சுற்றுத் தேர்வுகள் பெரும்பாலும் ஆன்லைன்தான். வேளச்சேரியிலும் துரைப்பாக்கத்திலும் பி.ஜி. வாடகை கட்டிக்கொண்டு ஆன்லைன் தேர்வு எழுதுவதைவிட ஊரிலிருந்து எழுதிவிட்டு நேரடிச் சுற்றுக்கு மட்டும் ரயில் ஏறுவது அவகாசத்தை இரட்டிப்பாக்கும். வீட்டில் மின்சாரமும் இணையமும் நம்பகமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.
2. பாதி நேர வருமானம் தேடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன், அருகில் இருக்கும் கடைக்கு வெப்சைட், டேட்டா என்ட்ரி என்று எதுவாகவும் இருக்கலாம். நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.
3. வீட்டில் பேசுங்கள். பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். தள்ளிப்போட்டால், மூன்றாம் மாதம் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் அந்தக் கேள்வி வரும், அப்பாவிடம் பதில் இருக்காது. முன்கூட்டியே சொன்னால் அவரே உங்களுக்காகப் பதில் சொல்வார்.

இப்படிச் சொல்லலாம்: "அப்பா, கோர்ஸ் முடிஞ்சிருச்சு. வேலை கிடைக்க ஆறு மாசத்துல இருந்து ஒம்போது மாசம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கேன். கையில நாலு மாசத்துக்கு இருக்கு. மிச்சத்துக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்கப்போறேன். மாசம் ஒண்ணாந்தேதி என்ன நடந்துச்சுன்னு நானே வந்து சொல்றேன்." கடைசி வாக்கியம் முக்கியம். தேதி குறித்துச் சொல்கிற பிள்ளையிடம் வீட்டில் தினமும் கேட்கமாட்டார்கள்.

படி 2: கையெழுத்துப் போட்ட காகிதங்களை எடுத்துப் படியுங்கள்

'வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்' என்று சொல்லிச் சேர்த்த பல இடங்களில், கட்டணத்தை உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடனாகக் கொடுத்திருக்கும். பயிற்சி மையம் மொத்தப் பணத்தையும் முன்பே வாங்கியிருக்கும். வேலை கிடைக்காவிட்டாலும் இ.எம்.ஐ. ஓடும். தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் விழும். பல நிறுவனங்கள், குறிப்பாக வங்கி சார்ந்த புராஜெக்ட்டுகளில், சேரும்போது கடன் வரலாற்றையும் பார்க்கின்றன.

பார்க்க வேண்டியவை:

1. கடன் கொடுத்தது யார்? 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மொத்த வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அதில் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் கடன் கொடுத்தவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்.
2. வேலை கிடைத்ததும் சம்பளத்தில் ஒரு பங்கு கட்டும் வருமானப் பங்கு ஒப்பந்தமா? எவ்வளவு சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும், எத்தனை மாதம், அதிகபட்சத் தொகை எவ்வளவு என்று மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு எழுதப்படாத ஒப்பந்தம் ஆபத்தானது.
3. 'பிளேஸ்மென்ட் உதவி' என்று இருக்கிறதா, 'உறுதி' என்று இருக்கிறதா? உறுதி என்றால் பணத்தைத் திருப்பித் தருவதற்கான நிபந்தனையைப் படியுங்கள். 'மாக் டெஸ்ட்டுகளில் 90 விழுக்காடு வருகை', 'வரும் நேர்காணல் எதையும் தவிர்க்கக் கூடாது' போன்ற வரிகள் இருக்கும். அவற்றை நிறைவேற்றியதற்கான மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இன்றே சேமித்துவையுங்கள்.

பிளேஸ்மென்ட் விகிதத்தை எவ்வளவு மிகைப்படுத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் ப்ளூம்டெக் ஆன பயிற்சி நிறுவனத்தின் மேல் 2024 ஏப்ரலில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. வேலை பெற்றோர் விகிதத்தை 71 முதல் 86 விழுக்காடு என்று விளம்பரம் செய்த அந்த நிறுவனத்தின் உள்கணக்கில் அது 50 விழுக்காட்டை ஒட்டியும் சில சமயம் 30 விழுக்காடு வரை தாழ்ந்தும் இருந்தது. இந்தியாவில் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

படி 3: உங்களுக்குத் திறக்கும் கதவுகளைப் பிரித்துப் பாருங்கள்

பெரிய சர்வீஸ் நிறுவனங்களின் ஆஃப் கேம்பஸ் அறிவிப்பில் முதலில் வருவது தகுதி வரி: பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் இல்லை, பாஸ் அவுட் ஆன ஆண்டு இது. உங்கள் ரியாக்ட் புராஜெக்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வரியை அது தாண்டாது. கம்ப்யூட்டரே தள்ளிவிடும்.

எனவே மூன்று பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியலில் மதிப்பெண் வடிகட்டியைத் தாண்டுகிற பெரிய நிறுவனங்கள். இரண்டாவதில் மதிப்பெண்ணைவிடக் கோடைப் பார்க்கும் புராடக்ட் நிறுவனங்கள். ஜோஹோ இதற்கு எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. மூன்றாவதில் 10 முதல் 200 பேர் வரை இருக்கும் சிறு நிறுவனங்கள். மதிப்பெண் குறைந்தவர்களும், இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விழுந்தவர்களும், குழந்தை பிறந்த பிறகு திரும்பி வருகிற பெண்களும் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த மூன்றாவது பட்டியலுக்குத் தர வேண்டும். அங்கே ஹெச்.ஆர். துறை என்று தனியாக இருக்காது. நிறுவனரோ டீம் லீடோ நேரே பேசுவார். உங்கள் நிலையை எடுத்துச் சொன்னால் கேட்கக் காது கிடைக்கும்.

சென்னை ஓ.எம்.ஆரை மட்டும் பார்க்காதீர்கள். கோவையில் பல ஆண்டுகளாக வளர்ந்த தொழில் இருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் 2024இல் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டோடு 15,000 சம்பளம், பி.ஜி.யில் தங்கி வாங்கும் 22,000-க்குச் சமம்.

குறிப்பு: பட்டம் அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு அரசின் தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம் இருக்கிறது. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில். உதவித்தொகை குறைவு. ஆனால் ரெஸ்யூமேயில் நிறுவனத்தின் பெயரோடு அரசுச் சான்றிதழும் வரும். சாஃப்ட்வேர் நிறுவனங்களும் இதன் வழியே ஆள் எடுக்கின்றன. பதிவு செய்துவையுங்கள்.

படி 4: நிஜமான ஒரு புராஜெக்ட்

இந்த அத்தியாயத்தில் உங்கள் நேரத்தை அதிகம் கேட்பது இதுதான். நெட்ஃபிளிக்ஸ் குளோன், டு-டூ லிஸ்ட், வானிலை ஆப். நேர்காணல் எடுக்கிறவர் ஒரே வாரத்தில் இவற்றை இருபது முறை பார்க்கிறார். அதே பேட்ச், அதே யூடியூப் பாடம், அதே வண்ணம். அவற்றைக் கிட்ஹப்பில் விட்டுவையுங்கள், ரெஸ்யூமேயில் முதலிடம் தராதீர்கள்.

முதலிடத்துக்கு உங்கள் ஊரில் யாரோ நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை எடுங்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவு நோட்டை வைத்துச் சொல்கிறேன்.

1. மேனேஜரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழைய நோட்டைப் புரட்டுங்கள். ஒரு கல்யாணம் ஒரு தேதியில் அடங்காது என்பது அங்கே தெரியும். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், மதியம் மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். ஆக, பதிவில் 'தேதி' என்ற ஒரு புலம் போதாது. தொடக்க நேரமும் முடிவு நேரமும் வேண்டும்.
2. இரண்டு பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்கும் விதியை முதலில் தாளில் எழுதுங்கள்: ஒன்றின் தொடக்கம் மற்றதன் முடிவுக்கு முன்னாலும், ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கத்துக்குப் பின்னாலும் இருந்தால் மோதல். அதன் பிறகே கோடு.
3. தை மாத முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பம் ஒரே நிமிடத்தில் பதிவு செய்தால் என்ன ஆகும்? இரண்டு பேருக்கும் 'காலி' என்று திரையில் தெரியும், இரண்டு பேரும் பொத்தானை அழுத்துவார்கள். இதைத் திரையில் தடுக்க முடியாது, டேட்டாபேஸில்தான் தடுக்க வேண்டும். டிரான்சாக்ஷன், லாக், கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று நீங்கள் மனப்பாடம் செய்த சொற்களுக்கு இங்கேதான் உயிர் வரும்.
4. அட்வான்ஸ் தராமல் 'எழுதி வையுங்க' என்பவர்களை மேனேஜர் பென்சிலில் எழுதிவைத்திருப்பார். மூன்று நாளில் பணம் வராவிட்டால் அழித்துவிடுவார். இதைத் தற்காலிகப் பதிவாகவும், தானே காலாவதியாகும் நிலையாகவும் மாற்றுங்கள்.
5. ஆன்லைனில் ஏற்றுங்கள். மேனேஜர் தன் போனிலிருந்து ஒரு வாரம் பயன்படுத்தட்டும். அவர் சொல்லும் குறைகளைத் தேதியோடு எழுதி, சரிசெய்ததைத் தனித்தனி கமிட்டாகப் போடுங்கள்.

இப்படி ஒன்றைச் செய்தவரிடம் நேர்காணலில் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும். 'ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிவு செய்தால்?' என்று கேட்பவருக்கு நீங்கள் பாடப் புத்தகத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியதில்லை, மண்டபத்திலிருந்து சொல்வீர்கள். மண்டபம் வாய்க்கவில்லை என்றால் பால் சொசைட்டி: காலை மாலை இரண்டு வேளைப் பால், கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை, குறித்த நாளில் பட்டுவாடா. அல்லது வாடகைப் பாத்திரக் கடை. எதுவானாலும் நிஜமான ஒரு மனிதர் பயன்படுத்த வேண்டும்.

ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்துங்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகும் பயன்படுத்தத்தான் போகிறீர்கள். ஆனால் வாரம் ஒருமுறை இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள்: உங்கள் புராஜெக்ட்டில் ஏதாவது ஒரு ஃபங்ஷனை அழித்துவிட்டு, இணையத்தை அணைத்துவிட்டு, மறுபடி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அது இன்னும் உங்கள் கோடு ஆகவில்லை.

பாதுகாப்பு:

• பாஸ்வேர்டும் ஏ.பி.ஐ. கீயும் இருக்கும் கோப்பைக் கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். அவற்றைத் தேடியெடுக்கவே தானியங்கி நிரல்கள் சுற்றுகின்றன. ஏற்றிவிட்டால் அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டில் இருக்கும். கீயையே ரத்து செய்து புதிது எடுங்கள்.
• கிளவுட் கணக்கு தொடங்கிய முதல் நாளே பில் எச்சரிக்கை வையுங்கள்.
• எல்லாருக்கும் திறந்திருக்கும் டெமோவில் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயரோ போன் எண்ணோ இருக்கக் கூடாது.

படி 5: ரெஸ்யூமே

ஒரு பக்கம். போட்டோ வேண்டாம், அப்பா பெயர், ஆதார் எண், முழு முகவரி வேண்டாம். மேலே பெயர், போன், மின்னஞ்சல், கிட்ஹப். அடுத்து அந்த ஒரு புராஜெக்ட், ஐந்து வரி. பிறகு தெரிந்தவை, அவற்றில் எதைப் பற்றிக் கேட்டாலும் பத்து நிமிடம் பேச வர வேண்டும். பயிற்சி மையம் கொடுத்த மாதிரியை அப்படியே நிரப்பாதீர்கள், உங்கள் பேட்ச்சில் எல்லாரும் அதைத்தான் நிரப்பியிருப்பார்கள்.

படி 6: விண்ணப்பமும் ரெஃபரலும்

ஒரு நாளைக்கு நூறு இடத்துக்கு 'ஈஸி அப்ளை' அழுத்துவது வேலை செய்தது போலத் தோன்றும், பலன் குறைவு. நாளுக்கு ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றையும் படித்து. கூடவே நாளுக்கு இரண்டு பேருக்கு ரெஃபரல் கேட்டுச் செய்தி.

முதலில் உங்கள் கல்லூரி சீனியர்கள், பிறகு உங்கள் ஊர்க்காரர்கள், பிறகு பயிற்சி மையத்தின் முந்தைய பேட்ச். செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "அண்ணா, நான் நம்ம காலேஜ் மெக்கானிக்கல் 2023 பேட்ச். ஃபுல் ஸ்டாக் முடிச்சிட்டு, எங்க ஊர் மண்டபத்துக்கு புக்கிங் ஆப் செஞ்சு கொடுத்திருக்கேன். உங்க கம்பெனியில ஜூனியர் டெவலப்பர் ஓப்பனிங் பார்த்தேன். வேலை லிங்க், ரெஸ்யூமே ரெண்டும் அனுப்பியிருக்கேன். சரியா இருக்கும்னு தோணினா ரெஃபர் பண்ண முடியுமா?" வெறும் 'ஹாய்' அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் குறியுங்கள்: நிறுவனம், தேதி, எந்த வழி, எந்தச் சுற்றில் நின்றது. நான்கு வாரம் கழித்து அந்த ஷீட் கோளாறு எங்கே என்று காட்டும்.

1. 50 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பும் இல்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயில் அல்லது பட்டியலில். படி 3-க்குத் திரும்புங்கள்.
2. ஆன்லைன் தேர்வில் நிற்கிறது என்றால் ஆப்டிட்யூட், அடிப்படை பிராப்ளம் சால்விங். புதிய ஃப்ரேம்வொர்க் கற்க ஓடாதீர்கள். இந்தத் தவறு மிகமிகச் சாதாரணமாக நடக்கிறது: தேர்வில் தோற்றது ரயில் வேகக் கணக்கில், அடுத்த மாதம் சேர்ந்தது கிளவுட் கோர்ஸில்.
3. டெக்னிகல் சுற்றில் நிற்கிறது என்றால் சத்தமாகப் பேசிப் பழகவில்லை. நண்பரோடு வாரம் மூன்று மாக் இன்டர்வியூ.
4. ஹெச்.ஆர். சுற்றில் நிற்கிறது என்றால் இடைவெளியையோ துறை மாறியதையோ சொல்லும் விதத்தைத் திருத்துங்கள். மூன்று வாக்கியத்தில், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல்.

படி 7: நேர்காணலுக்கு என்ன படிப்பது

பயிற்சியில் கற்றது வெப் டெவலப்மென்ட். தேர்வில் முதலில் கேட்பது வேறு. ஆப்டிட்யூட், ஸ்ட்ரிங், அரே கணக்குகள், ஊப்ஸ் கருத்துகள், எஸ்.க்யூ.எல். ஜாயின், குரூப் பை. ஜோஹோ போன்ற இடங்களில் சி மொழியின் அவுட்புட் கேள்விகளும், நூலக ஃபங்ஷன் துணையின்றி எழுதச் சொல்லும் கணக்குகளும் வரும். நாளில் இரண்டு மணி நேரம் இவற்றுக்கு ஒதுக்குங்கள், ஒரே ஒரு மொழியில்.

தெரியாத கேள்வி வந்தால் 'தெரியாது, ஆனால் இப்படி யோசிக்கிறேன்' என்று தொடங்கி யோசிப்பதை வெளியே சொல்லுங்கள். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃப்ரெஷரிடம் சரியான விடையைவிட, குறிப்பு கொடுத்தால் நகர்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறோம். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். காதில் இன்னொருவர் சொல்லும் விடையைத் திருப்பிச் சொல்வதும், இன்னொரு திரையைப் பார்த்து வாசிப்பதும் கண்ணிலேயே தெரியும். அந்த நிறுவனம் மறுபடி உங்களைக் கூப்பிடாது.

எச்சரிக்கை: இந்த நான்கில் கால் வைக்காதீர்கள்

1. பணம் கேட்கும் வேலை. ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் கட்டணம், 'பேக்டோர்' என்று எந்தப் பெயரிலும் நல்ல நிறுவனம் உங்களிடம் பணம் கேட்காது. ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

2. போலி அனுபவம். '2 வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், பே ஸ்லிப் உட்பட' என்று கன்சல்டன்சிகள் கூப்பிடும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தால் நீங்கள் எங்கே, எப்போதிலிருந்து வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். வருமான வரியின் 26ஏ.எஸ். படிவமும் காட்டிக்கொடுக்கும். பின்னணிச் சரிபார்ப்பு சேர்ந்து ஆறு மாதம் கழித்தும் வரலாம். வேலையை விட்டு நீக்கியதோடு அது முடியாது. போலி ஆவணத்தைப் பயன்படுத்துவது குற்றம்.

3. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் நிறுவனம். சரிபார்த்துவிட்டு அன்றே கையில் திருப்பித் தருவதுதான் முறை. பூட்டிவைக்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. நேர்காணலே இல்லாத வெளிநாட்டு ஐ.டி. வேலை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், மியான்மர் எல்லைக்குள் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அங்கே சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அது மோசடி. முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

ஆஃபர் வந்ததும்

சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பேசிக் 15,000 என்று வைத்துக் கணக்குப் போடலாம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு 720 அளவில், காப்பீட்டுக்கு 500, செயல்பாட்டைப் பொறுத்த வேரியபிள் 3,000 போனால் 24,000 அளவில் நிற்கும். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி போக கைக்கு வருவது 22,000 சுற்று. பி.எஃப். உங்கள் பணம்தான், வீணில்லை. ஆனால் பி.ஜி. வாடகையை அதிலிருந்து கட்ட முடியாது. கையெழுத்துக்கு முன் ஹெச்.ஆரிடம் 'மாதம் டேக் ஹோம் எவ்வளவு?' என்று எழுத்தில் கேளுங்கள்.

பாண்டு இருந்தால் மூன்று வரிகளைத் தேடுங்கள்: எத்தனை ஆண்டு, விலகினால் எவ்வளவு, அந்தத் தொகை மாதம் செல்லச் செல்லக் குறைகிறதா. 'பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதம் 15,000 கொடுத்து 3 ஆண்டு கட்டிப்போடும் சிறு நிறுவனத்தைவிட, 12,000 கொடுத்து பாண்டு கேட்காத நிறுவனம் உங்களுக்கு நல்லது.

சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்கு 2 மாதம்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகிறது என்றால் அவர்களுக்கு உங்கள் வேலை தேவைப்படுகிறது. அப்படியென்றால் சம்பளமும் தரலாம்.

ஆறாம் மாதமும் தாண்டிவிட்டால்

புதிய கோர்ஸில் சேராதீர்கள். ஷீட்டை எடுத்து எந்தச் சுற்றில் நிற்கிறது என்று பாருங்கள். டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய படிப்பு சாஃப்ட்வேரோடு சந்திக்கும் இடங்களைத் தேடுங்கள்: மெக்கானிக்கல் படித்தவருக்குத் தொழிற்சாலை ஆட்டோமேஷன் நிறுவனங்கள், பி.காம். படித்தவருக்கு ஈ.ஆர்.பி., ஜி.எஸ்.டி. மென்பொருள் நிறுவனங்கள். கணக்கு தெரிந்த டெவலப்பர் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. அவகாசம் ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கினால், கிடைக்கும் வேறு வேலையில் சேர்ந்துகொண்டு மாலையில் தேடலைத் தொடருங்கள். அப்படிச் சேர்ந்தது தோல்வி ஆகாது. தவறான காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் உங்களைக் காப்பாற்றிய முடிவு அது.

வேலையில் சேர்ந்து நிரந்தரமானதும் ஒரு காரியம் செய்யுங்கள். பல நிறுவனங்களில் ஊழியர்கள் பரிந்துரைக்கலாம், அதற்குத் தொகையும் தருவார்கள். உங்கள் பேட்ச்சில் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போன் செய்து ரெஸ்யூமேயை வாங்கி, ரெஃபர் செய்யுங்கள்.